முப்பது வருஷத்துக் கொட்டாவி

"ஒரே ஒரு கொட்டாவி. தடி இல்ல, போலீஸ் இல்ல, பஞ்சாயத்து இல்ல. நான் ஒரு கொட்டாவி விட்டேன், அறுபது பேரும் நின்ன வாக்குல தூங்கிட்டாங்க. களத்துல நெல்லு பொறுக்கிக்கிட்டிருந்த காக்கா, வாயில நெல்லோட தூங்கிடுச்சு. பக்கத்து வாய்க்கால்ல மீனு இருக்கே, அது கண்ணையே மூடாதுன்னு சொல்லுவாங்கள்ல? அன்னைக்கு மூடிச்சு."

ஐப்பசித் தூறலில், குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து ஹாஜா மைதீன் இதைச் சொன்னார். கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தில் பிறந்த குழந்தையின் சந்தோஷம்.

"போன வாரம் நாப்பது பேர்னு சொன்னீங்க பாய்" என்றாள் கடைக்காரி செவ்வந்தி.

"நாப்பது ஆம்பளைங்க. பொம்பளைங்களைச் சேர்த்தா அறுபது. நீயும்தான தூங்குன? களத்துலயே அடுப்பு வச்சு டீ போட்டியே, அதுல பாலு பொங்கி மேல வந்துச்சு, நீ தூங்குறதைப் பாத்துட்டு சத்தம் போடாம உள்ள இறங்கிடுச்சு."

செவ்வந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஹாஜா மைதீனுக்கு முதுகைக் காட்டியபடி காத்தான் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் பெயிலானவர்கள். ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஆனால் டீக்கடையை மாற்றுகிற அளவுக்கு இரண்டு பேருக்கும் ரோஷம் போதவில்லை. அதனால் அதே நேரத்துக்கு வந்து, முதுகோடு முதுகு வைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"செவ்வந்தி, அந்தாளுகிட்ட சொல்லு. நான் தூங்கல."

"காத்தாண்ணே தூங்கலையாம் பாய்."

"கேட்டுச்சு. தூங்குனவருக்கு எப்படித் தெரியும், தூங்கலைன்னு? அதைக் கேட்டுச் சொல்லு."

"கேக்குறாங்க அண்ணே."

"பொய்யின்னு சொல்லு. ஒட்டகம் லிப்டுல ஏறி மூணாவது மாடிக்குப் போச்சுன்னு சொன்ன வாய்தான இது."

அங்கேதான் ஹாஜா மைதீன் மாட்டிக்கொண்டார். ஒட்டகம், லிப்ட், சவூதி ஷேக்கோடு சீட்டாடி ஜெயித்த மசூதித் தெருவளவு கார், தரங்கம்பாடிக் கடலில் கையாலேயே பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி விட்ட வஞ்சிர மீன். இவ்வளவையும் ஊர் வாயில் போட்டு மென்று ரசித்திருந்தது. ரசித்ததே ஒழிய ஒரு சொல்லை நம்பியதில்லை. இப்போது வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சொல்வதை ஊர் நம்பியாக வேண்டிய அவசியம். ஊர் அதே மாதிரி ரசித்துக்கொண்டிருந்தது.

பெருமை அவருக்குப் பாதிதான். மீதிப் பாதி பயம். அந்தக் கொட்டாவியை நம்பினால்தான், அதற்கு அடுத்த நிமிஷம் அவர் கண்ணால் கண்டதை ஊர் நம்பும். அதை நம்பினால்தான் அவருடைய தங்கை மகன் சித்தீக் மேல் ஒட்டிய தார்ப்பாய்த் திருட்டுப் பெயர் உதிரும். உதிராவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை அவன் திருச்சியில் விமானம் ஏறிவிடுவான். ஷார்ஜாவுக்கு, இரவுக் காவல் வேலைக்கு. மாமன் முப்பது வருஷம் நின்று தீர்த்த அதே கிடங்கு வாசலில் மருமகன் போய் நிற்கப் போகிறான்.

"என்னைப் பாக்குற யாரும் என் மூஞ்சியைப் பாக்கல மாமு. தார்ப்பாயைத்தான் பாக்குறாங்க" என்றிருந்தான் அவன்.

அந்த வாசலைப் பற்றி ஹாஜா மைதீன் எத்தனையோ கதை கட்டியிருக்கிறார். கட்டாத கதை ஒன்று உண்டு. அது பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய கிடங்கு. தலைக்கு மேலே ஒரு கேமரா. காவலாளி கொட்டாவி விடுவது அதில் பதிந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே அவர் கொட்டாவியை விழுங்கப் பழகினார். தாடை துடிக்கும், கண்ணில் நீர் முட்டும், உள்ளே தள்ளிவிடுவார். முப்பது வருஷத்துக் கொட்டாவி. டெல்டா முழுவதும் ஒரு போகம் படுத்துத் தூங்கப் போதுமான சரக்கு, செலவாகாமல் அவருடைய நெஞ்சுக்குள் கிடந்தது.

அங்கே இன்னொன்றும் கற்றார். தொழிலாளர் முகாமில் சண்டை பார்த்துப் பார்த்து, கோபம் எந்த வழியாக நடந்து வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அது தனியாக வராது. முதலில் தூக்கம் போகும். அப்புறம் குழாயில் கொதிக்கிற தண்ணீர் வரும். அப்புறம் ஊரிலிருந்து ஒரு போன். கடைசியில் எவனோ பக்கெட்டை நகர்த்திவிட்டான் என்று ஒருவன் கத்தி எடுப்பான். எதற்கடா என்று கேட்டால் பக்கெட்டைக் காட்டுவான். அந்தப் பக்கெட்டுக்கு ஒன்றுமே தெரியாது.

புரட்டாசியில், குறுவை அறுப்பு முடிந்து, நெல்லை அரசு கொள்முதல் களத்தில் கொட்டிவிட்டு எல்லோரும் காத்துக் கிடந்தபோது அவருக்கு அந்தப் பக்கெட் நினைவுதான் அடிக்கடி வந்தது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. சேற்றில் லாரி வரவில்லை. லாரி வராததால் எடை போட்ட மூட்டை நகரவில்லை. மூட்டை நகராததால் குவியல் நகரவில்லை. அவரவர் குவியலுக்குப் பக்கத்தில் அவரவர் படுக்கை. வெயில் அடித்தால் நெல்லைப் பரப்பு, மேகம் கறுத்தால் கூட்டு, தூறினால் மூடு. ஈரம் கூடிவிட்டால் எடை போடாமல் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். பகலில் தூக்கமில்லை, இரவில் அரைத் தூக்கம். கொஞ்ச நாளில் களம் முழுக்கக் கண்கள் செம்பருத்தியாகிவிட்டன.

ஈர நெல்லில் வெயில் பட்டால் ஆவி கிளம்பும். அதற்கு ஒரு மணம் உண்டு. பாதி சோறு, பாதி மண். அதையே நாள் முழுக்க மூக்கில் வாங்கினால் மனிதன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடப்பான். தும்பிகள் நகராமல் ஒரே இடத்தில் பறந்துகொண்டிருக்கும். யாராவது கூப்பிட்டால் குரல் நேற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். நெடுமாறன் என்கிற டிராக்டர் டிரைவர், தன் டிராக்டரோடு பேசிக்கொண்டிருந்ததைச் செவ்வந்தியே பார்த்திருக்கிறாள். டிராக்டர் பதில் சொன்னதை ஹாஜா மைதீன் பார்த்திருக்கிறார்.

ஹாஜா மைதீன் நெல்லும் காத்தான் நெல்லும் பக்கத்துப் பக்கத்துக் குவியல்கள். நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சந்து. வடக்கே காத்தானுடையது, தெற்கே இவருடையது. சந்தில் இருவரும் படுத்தார்கள். காத்தான் கிழக்கே தலைவைப்பார். ஹாஜா மைதீன் மேற்கே கால் நீட்ட மாட்டார், தொழுகைக்கு முகம் வைக்கிற கிப்லாத் திசை. ஆகவே மேற்கே தலை. இவர் தலைக்கு நேரே அவர் கால். படுத்தால் இருவருக்குமே வலக்கைப் பக்கம் சொந்த நெல். கையை நீட்டினால் தன் நெல்லைத் தொடலாம். அதைத் தொட்டுக்கொண்டுதான் காத்தான் படுப்பார்.

ஒரு நாள் இரவு கிழக்கே ஒரு லாரி, வந்தும் வராமலும் சேற்றில் சிக்கி, விளக்கைக் காத்தான் முகத்தில் அடித்தபடி நின்றுவிட்டது.

"யோவ் காத்தான், தலையை இந்தப் பக்கம் மாத்துய்யா. வெளிச்சமும் அடிக்காது, பேசிக்கிட்டே படுக்கலாம்."

"நீ பேசுனா நான் எங்க படுக்குறது?" என்று சொல்லிக்கொண்டே காத்தான் மாறிப் படுத்தார். வானம் தெளிவாக இருந்ததால் சூடு ஆறட்டும் என்று இரண்டு குவியலையும் திறந்தே போட்டிருந்தார்கள். காத்தானின் பச்சைத் தார்ப்பாய் காலடியில். ஹாஜா மைதீனின் நீலத் தார்ப்பாய் மடித்துத் தலைக்கடியில்.

விடிவதற்கு முன் மழை பெய்தது. அசந்து கிடந்த ஹாஜா மைதீனுக்கு அது தெரியவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால், காத்தான் நெல் ஊறிக் கிடந்தது. ஹாஜா மைதீன் நெல் காய்ந்திருந்தது. அதன்மேல் அழகாக, நான்கு மூலையும் செருகி, காத்தானின் பச்சைத் தார்ப்பாய்.

காத்தானின் மகன் பரிதி அதைப் பார்த்தான். எடைக் கொட்டகையில் படுத்திருந்த சித்தீக்கைப் பார்த்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அடுத்த போகமான தாளடி நடவுக்கு ஒரு நடவு மெஷினைச் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பதாக இருந்தவர்கள்.

"எங்க தார்ப்பாயை எடுத்துத்தான் உங்க நெல்லை மூடணுமாடா?"

"டேய், நான் தொடவே இல்லடா. மழை வந்தப்ப ஓடியாந்தேன். எங்களது மூடியிருந்துச்சு. மாமு மூடிட்டாருன்னு திரும்பிட்டேன்."

"எங்களது மூடலைன்னு கண்ணு தெரியலையா?"

"இருட்டுல எங்கடா தெரியுது? உங்கப்பாதான் பக்கத்துலயே படுத்திருந்தாரே." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சித்தீக் சும்மா, சாதாரணமாக, காத்தானைப் பார்த்து இன்னொரு வார்த்தை சேர்த்தான். "நீங்க தூங்கியிருப்பீங்க மாமா."

காத்தான் குனிந்து ஊறிய நெல்லை ஒரு கை அள்ளினார். பரிதியின் முகத்தில் இருந்த இரத்தம் முழுக்க எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

ஹாஜா மைதீன் சித்தீக்கின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அந்த வார்த்தையை எந்தக் குடும்பத்திடமும் சொல்லலாம், காத்தான் வீட்டில் சொல்லக் கூடாது. காத்தானின் அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தார். பகலெல்லாம் கதிரடித்துவிட்டு, இரவு பண்ணையின் நெல்லுக்குக் காவல் இருந்தவர், ஒரு நாள் கண்ணயர்ந்தார். அதற்காகக் களத்து மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். பையனாக இருந்த காத்தான் அதைப் பார்த்தார். அதிலிருந்து அவர் நெல்லுக்குப் பக்கத்தில் தூங்கியதே இல்லை என்பது அந்த வீட்டின் பெருமை. பண்ணை போயிற்று, நிலம் மூன்று ஏக்கர் சொந்தமாயிற்று, பரிதி என்ஜினீயரிங் முடித்தான். அந்தப் பெருமை மட்டும் கையில் தடியோடு வாசலில் நின்றுகொண்டே இருந்தது.

காலையில் முணுமுணுப்பாக இருந்தது வெயில் ஏறப் பேச்சாகி, உச்சிக்கு வரும்போது ஏச்சாகிவிட்டது. ஊறிய நெல்லைப் பரப்பப் பரப்ப ஆவி எழுந்தது. ஆவி எழ எழ மற்றவர்களுக்கும் பழசெல்லாம் எழுந்தது. எவன் வரப்பை எவன் வெட்டினான், எவன் மடையை எவன் அடைத்தான். லாரி மேல் வந்த கோபம், மழை மேல் வந்த கோபம், ஈரம் பார்க்கிற மெஷின் மேல் வந்த கோபம். லாரியை அடிக்க முடியாது. மழையை அடிக்க முடியாது. சித்தீக்கை அடிக்கலாம். பக்கெட்டாக அவன் கிடைத்தான்.

கூட்டம் வட்டம் கட்டியது. செல்போன்கள் உயர்ந்தன. வட்டம் கட்டிவிட்டால் நடுவில் இருப்பவன் பின்வாங்க முடியாது. அதுவும் ஹாஜா மைதீன் முகாமில் பார்த்ததுதான். யாரும் பார்க்காவிட்டால் பாதிச் சண்டை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடும்.

"தூங்குனாருன்னா சொல்ற? எங்கப்பா தூங்குனாரா?" பரிதி நெல் தள்ளும் பலகையைக் கையில் எடுத்துவிட்டான். நீளக் காம்பு. உச்சந்தலைக்கு மேல் தூக்கிவிட்டான்.

"அடிடா பாப்போம்! திருடாதவனை அடி, பாப்போம்!" சித்தீக் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான். அழுகை முட்டும் வயதில் நெஞ்சு நிமிர்வதைப் போல ஆபத்து வேறில்லை.

"விடாத மாப்ள! போடு!" என்றார் நெடுமாறன், டிராக்டர் மேல் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு.

ஹாஜா மைதீன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுவே ஓடினார். பலகை இறங்கினால் ஒரு மண்டை உடையும், இன்னொரு பையன் ஜெயிலுக்குப் போவான். இரண்டும் அவர் லீவில் வந்தபோதெல்லாம் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளைகள். 'நிறுத்துங்கடா' என்று கத்துவதற்காக வாயைத் திறந்தார்.

டீக்கடைப் பெஞ்சில் அவர் சொல்லும் கதையில், அவர் வேண்டுமென்றே, கைதேர்ந்த வித்தைக்காரன் மாதிரி, நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டார். நமக்குள் இருக்கட்டும்: வாய் திறந்தது, 'நி' வருவதற்குள் உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் கழன்றுகொண்டது. அவ்வளவுதான். ஷார்ஜாவின் முதல் இரவிலிருந்து விழுங்கி வைத்தது முழுவதும் புறப்பட்டுவிட்டது.

ஆஆஆஆ... என்று அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. தாடை காது வரை போயிற்று. உள்நாக்கு வெயில் பார்த்தது. அதன் ஓசை கொள்ளிடத்துக்கு அக்கரையில் கேட்டதாகவும், திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே அசந்துவிட்டதாகவும் ஹாஜா மைதீன் சொல்வார். அதை விட்டுவிடலாம். களத்தில் நடந்ததே போதும்.

முதலில் சித்தீக். "திருடாதவ..." என்றவனின் வாய் அப்படியே அகன்றுபோயிற்று. அதைப் பார்த்த பரிதி பல்லைக் கடித்தான். கடித்தால் நிற்குமா? கண்ணில் நீர் கட்டியது. தாடை நடுங்கியது. திறந்துகொண்டது. தூக்கிய பலகை, தன் கோபம் எங்கே போயிற்று என்று தெரியாமல், மெல்ல மெல்ல, பஞ்சு இறங்குவதுபோல் இறங்கித் தரையில் ஊன்றியது. அவன் அதன்மேல் கன்னத்தைச் சாய்த்தான். "போடு மாப்..." என்ற நெடுமாறன் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். முற்றிய வயலில் காற்று போகும்போது கதிர்கள் சாயும், சாய்வு மட்டும் நகர்ந்து போகும் இல்லையா, அப்படி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எத்தனையோ நாளாகக் கடன் வைத்திருந்த தூக்கம் எல்லோர் கணக்கையும் ஒரே நேரத்தில் கேட்டது. உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் படுத்தார்கள், ஒருவருக்கொருவர் மடியானார்கள். காலையில் வரப்புத் தகராறு பேசிய இரண்டு பேர் தோளில் தோள் வைத்தார்கள். ஒரே ஒரு செல்போனில் மட்டும் படம் இருக்கிறது. முழுக்க வானம், பின்னணியில் குறட்டை.

ஹாஜா மைதீன் ஒருவர்தான் விழித்திருந்தார். சரக்கு முழுவதும் வெளியே போய்விட்டதால் உடம்பு பூ மாதிரி இருந்தது. அவ்வளவு பேரும் தூங்குகிற முகத்தை அவர் ஒன்றாகப் பார்த்ததில்லை. ஒரு முகத்திலும் கோபத்தின் தடயமே இல்லை. அது அவர்களுடையதே இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போனது என்பதுபோல. தும்பிகள் மட்டும் தாழப் பறந்தன.

தும்பி தாழப் பறந்தால் தூறல். ஒரு துளி, அப்புறம் இன்னொன்று.

அப்போது சந்தில், மேற்கே தலைவைத்துச் சாய்ந்திருந்த காத்தான் எழுந்தார். கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை துழாவிப் பச்சைத் தார்ப்பாயை எடுத்தது. வலப்பக்கம் திரும்பினார். அங்கே இருந்தது ஹாஜா மைதீனின் நெல். ஒரு தாய் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் அவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு மூலையாகச் செருகி, அதைப் போர்த்தினார். நான்காவது மூலை பறக்காமலிருக்க அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டு குறட்டையைத் தொடர்ந்தார். அவருடைய சொந்த நெல், விரித்தது விரித்தபடி, பின்னால் நனைந்தது.

தலை மாற்றிப் படுத்ததால் வலது இடதாகிவிட்டது. கைக்குத் தெரிந்தது ஒரே பாடம்: நெல் வலப்பக்கம். ஹாஜா மைதீனுக்கு எல்லாம் புரிந்தபோது மழை பலத்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தூங்கியதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை போடவும் தெம்பில்லை. நெல்லை அள்ள ஓடினார்கள்.

"காத்தானேதான்! தூக்கத்துலயே எழுந்து மூடுனாரு! நான் பாத்தேன்! விடியக்காலையிலயும் இதுதான் நடந்திருக்கு!"

சொன்னது யார்? லிப்டில் ஒட்டகம் ஏற்றியவர். ஊர் நெல்லை அள்ளிக்கொண்டே சிரித்தது. தார்ப்பாய் மூலை மேல் உட்கார்ந்திருந்த காத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கண்ணை மூடல. நீதான் என்னை இழுத்தாந்து இங்க உக்கார வச்ச" என்றார். அதுதான் அவர் கடைசியாக ஹாஜா மைதீனிடம் நேராகப் பேசியது.

நெல் காய்ந்தது, லாரி வந்தது, களம் காலியானது. தார்ப்பாய்ப் பெயர் மட்டும் சித்தீக்கோடு தங்கிவிட்டது.

இவ்வளவும் நடந்துதான் இந்த ஐப்பசித் தூறலில் முதுகோடு முதுகாக இரண்டு கிளாஸ் டீ.

பைக் சத்தம் கேட்டது. சித்தீக். கடைக்குள் வராமல் கூரைக்கு வெளியே நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மாமு, டிக்கெட் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை காலையில பிளைட். உம்மா உங்களை வரச் சொன்னாங்க."

ஹாஜா மைதீன் கிளாஸைக் கீழே வைத்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரு கதைகூட இல்லாதது அந்த ஒரு தடவைதான். அப்பாவை அழைத்துப் போக வந்த பரிதி, சித்தீக்கைப் பார்த்துவிட்டு, கூரையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு செல்போனைத் தடவினான். மழை கொஞ்சம் ஓய்ந்தாற்போல் ஓய்ந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் நீர் மட்டும் தாளம் போட்டது.

அந்தக் கொட்டாவியை இன்னொரு தடவை வரவழைத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஹாஜா மைதீன் ஒரு மாதமாக வீட்டுக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து திறந்து பார்த்திருந்தார். வரவில்லை. அவர் மனைவி நஃபீசா பல்வலித் தைலம் வாங்கி வைத்ததுதான் மிச்சம். இப்போது அவர் அதை நினைக்கக்கூட இல்லை. சித்தீக் அந்த வாசலில், அந்தக் கேமராவுக்குக் கீழே, தாடையை இறுக்கிக்கொண்டு நிற்பதைத்தான் நினைத்தார். பல நாளாக அவருக்கும் தூக்கமில்லை.

வந்துவிட்டது. களத்தில் வந்ததைப்போல் பெரிதில்லை. சின்னது, சோர்ந்தது, நிஜமானது.

செவ்வந்தி வடிகட்டியோடு கொட்டாவி விட்டாள். சித்தீக் விட்டான். பரிதி செல்போனால் வாயை மறைத்துக்கொண்டான். முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்த காத்தானுக்குப் பார்க்க ஒன்றுமில்லை, காதில் கேட்டதே போதும். தோள் ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தது. தலை முன்னால் சரிந்தது.

"அண்ணே..." என்று ஆரம்பித்த செவ்வந்தியைப் பார்த்து ஹாஜா மைதீன் விரலை உதட்டில் வைத்தார். சத்தமில்லாமல் நகர்ந்து, காத்தானின் பெஞ்சிலேயே, அவருடைய வலக்கைப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

வாய்க்கால் பக்கமிருந்து மழை திரும்ப வந்தது. தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

காத்தான் எழுந்தார். கண் மூடியிருந்தது. கடையின் முன்னால் சாரலுக்காகச் சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயின் முடிச்சைக் கை தானாக அவிழ்த்தது. இறக்கினார். வலப்பக்கம் திரும்பினார். பெஞ்சின் மேல் ஹாஜா மைதீனைத் தலையோடு காலாக மூடினார். ஒவ்வொரு மூலையாகச் செருகினார். ஒரு மூலையில் சர்க்கரை டப்பாவைப் பாரம் வைத்தார். கடைசி மூலை மேல் உட்கார்ந்து, பக்கத்தில் குவிந்திருந்த உருவத்தை இரண்டு தட்டுத் தட்டி, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

பரிதியின் கையிலிருந்த செல்போன் கீழே இறங்கியது. சித்தீக் மழையில் நனைந்தபடி அப்படியே நின்றான். தார்ப்பாய்க்குள் ஹாஜா மைதீன் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், சர்க்கரை டப்பாவில் எறும்பு இருந்தது. தும்மிவிட்டார்.

காத்தான் திடுக்கிட்டு விழித்தார். "யாரு உள்ள?"

"நெல்லு" என்றது தார்ப்பாய்.

காத்தான் தன் கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார். அவிழ்ந்து தொங்கிய கயிற்றைப் பார்த்தார். தொடைக்குக் கீழே இருந்த மூலையை மெல்ல உருவி எடுத்து, விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது பரிதியின் முகம் எதிரே இருந்தது. அதில் கேலி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"அப்பா... நீங்கதான்ப்பா" என்றான் பரிதி, மிகவும் மெதுவாக.

"ம்."

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. காத்தான் தார்ப்பாயை விலக்கினார். ஹாஜா மைதீன் தலை கலைந்து, மூக்கில் எறும்போடு வெளிப்பட்டார். இருவரும் ஒரு மாதத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.

"எங்கப்பன் ஒரு தூக்கம் தூங்குனதுக்கு மரத்துல கட்டி அடிச்சானுங்க. நான் ரெண்டு தடவை... இப்ப மூணு தடவை தூங்கிட்டேன். ஒருத்தனும் கை ஓங்கலையேய்யா."

"கொட்டாவிதான் ஓங்குனேன்" என்றார் ஹாஜா மைதீன்.

காத்தானுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. வெளியே திரும்பினார். "டேய் சித்தீக்கு, நனையாத. உள்ள வாடா. தார்ப்பாயை நான்தான்டா போட்டேன். உன்னைச் சொன்ன வாய் எல்லாத்துக்கும் நான் சொல்றேன், பள்ளிவாசல் வாசல்லயும் சொல்றேன், கோயில் வாசல்லயும் சொல்றேன். வா."

சித்தீக் வந்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவனுக்குப் பரிதி நகர்ந்து இடம் விட்டான். சித்தீக் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நாத்து தயாரா இருக்குடா" என்றான் பரிதி.

"மெஷினு?"

"சொல்லி வச்சிருக்கேன். நீ ஓட்டுறதா இருந்தா எடுக்கலாம். எனக்கு மெஷினைத் திருப்ப வராது."

"உனக்கு நேராவும் வராது" என்றான் சித்தீக். டிக்கெட் இருந்த சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

செவ்வந்தி நாலு கிளாஸைக் கழுவி வரிசையாக வைத்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"அப்ப பாய் சொன்னதெல்லாம் நடந்துச்சாண்ணே? அறுபது பேரும் தூங்குனது?"

"நடந்துச்சு."

"காக்கா?"

"நடந்துச்சும்மா."

"சரி, மீனு கண்ண மூடிச்சுன்னாரே?"

ஹாஜா மைதீன் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தார். காத்தான் சாலைக்கு அப்பால் பார்த்தார். மழைத் துளி விழுந்து விழுந்து வாய்க்கால் முழுக்க வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

"அதுவும்தான்" என்றார்.